தங்கவயலும் பிரஜாவுரிமையும்

பௌரிங்பேட்டையில் பிரிந்து பத்து மைல் தூரம் ஓடி, மாரிகுப்பத்தோடு நின்றுவிடும் ரயில் பாதை 1894ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பௌரிங்பேட்டைக்கு இப்போது பங்காரப்பேட்டை என்று பெயர். அந்தப் பாதை யாருக்காகப் போடப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஜான் டெய்லர் கம்பெனியாரின் தங்கச் சுரங்கங்களுக்கு நிலக்கரியும், முட்டுக்கொடுக்க மரமும், கனத்த இயந்திரங்களும் வேண்டியிருந்தன. ஆட்களும் வேண்டியிருந்தார்கள். ஆட்கள் பெரும்பாலும் வட ஆற்காட்டிலிருந்து வந்தார்கள். குடியாத்தம், வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து மழை பொய்த்த ஆண்டுகளில் கூட்டங் கூட்டமாக வந்தார்கள். மழை பெய்த ஆண்டுகளில் சிலர் திரும்பிப் போகவும் செய்தார்கள்.

இவ்வாறு வந்தவர்களுக்கு இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று சுரங்கத்தின் அருகே, 'லைன்' என்று சொல்லப்படும் வரிசையில், மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய குடிசை. மற்றொன்று ஊரில், தாய் தந்தையரும் உடன்பிறந்தாரும் இருந்த வீடு. பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் ஊரிலேதான். கூலியில் மிஞ்சியது ஊருக்குப் போயிற்று. பண்டிகைக்கு மனிதர்களே ஊருக்குப் போனார்கள். வெளி மாநிலங்களில் வாழும் நம் நேயர்களுக்கு இந்த வாழ்க்கையை நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டு வீட்டு வாழ்க்கை ஆள்வோர் கண்ணுக்கு எப்படித் தோன்றியது? ஒருவனுடைய உறவினர்கள் வேறோர் அரசின் எல்லைக்குள் இருப்பதை வைத்து அவனுடைய நம்பகத்தை எடைபோடலாமா? பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கேட்டு மனுச் செய்யும் இளைஞனுக்கு இக்கேள்வி இன்றும் உயிருள்ள கேள்வியே. அதன் வரலாற்றை மாரிகுப்பத்திலிருந்து தொடங்கிப் பார்ப்பது பொருத்தமென்று தோன்றுகிறது.

அன்றைய சட்ட நிலைமை விசித்திரமானது. மைசூர் 1881இல் உடையார் வமிசத்தாரிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்ட சமஸ்தானம். வட ஆற்காடு சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அதாவது பிரிட்டிஷ் இந்தியா. ஆகவே, குடியாத்தத்தில் பிறந்து மாரிகுப்பத்தில் வந்து இறங்கிய கூலியாள் சட்டப்படி பிரிட்டிஷ் மன்னரின் பிரஜை. அவனுக்குப் பால் விற்ற கோலார்ச் சீமைக் குடியானவரோ மைசூர் மகாராஜாவின் பிரஜை. பிரிட்டிஷ் சட்டத்தின் கண்ணுக்கு அவர் பிரஜை அல்லர், மன்னரின் பாதுகாப்புக்கு உட்பட்டவர் மட்டுமே. காகிதத்தில் பார்த்தால் கூலியாள்தான் ஒரு படி மேல்! அந்த மேன்மையால் அவனுக்கு ஒரு வேளைக் கஞ்சி கூடுதலாகக் கிடைத்ததாகச் சொல்வதற்கில்லை. எல்லையைக் கடக்கப் பாஸ்போர்ட்டு எதுவும் தேவைப்படவில்லை. ரயில் டிக்கெட்டு போதுமானதாயிருந்தது.

அதே காலத்தில் சமஸ்தானத்தின் உச்சியிலும் வெளியூரார் இருந்தனர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1883 முதல் 1901 வரை திவானாயிருந்த சேஷாத்திரி ஐயர் சென்னை மாகாணத்திலிருந்து வந்தவர். மாரிகுப்பத்துக்கு ரயில் வந்ததும், சிவசமுத்திரத்துக் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரும் திட்டம் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். 1902இல் மின்சாரம் வந்துசேர்ந்தபோது அவர் உயிருடன் இல்லை. சமஸ்தானத்து உத்தியோகங்கள் மதராஸ்காரர்களுக்கா, மைசூர்க்காரர்களுக்கா என்ற பூசல் அவர் நாளிலேயே பலமாக எழுந்தது. மேலே திவான், கீழே சுரங்கக் கூலி. இருவரையும் 'வெளியிலிருந்து வந்தவர்' என்றே ஊர் அழைத்தது. ஆயினும் வாயிலில் நிறுத்தப்பட்டவர் ஒருவர்தான்.

அந்த வாயிலைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். தங்கம் சிறிய பொருள். ஒரு மடிப்பில், ஒரு சோற்றுத் தூக்கில் போய்விடக்கூடியது. சுரங்க முதலாளிகளுக்குத் திருட்டைப் பற்றிய கவலை இருந்தது இயல்பே. அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒவ்வொரு கூலியாளையும் திருடனாயிருக்கக் கூடியவன் என்று வைத்துக்கொள்வது. ஷிப்டு முடிந்து வெளியே வருகிறவர்களின் உடலைச் சோதித்தார்கள். சாதாரணமாக ஒருவன் குற்றவாளி என்பதைச் சர்க்கார்தான் நிரூபிக்க வேண்டும். இங்கேயோ, உருக்காத தங்கமோ தங்கக் கலவையோ கையிலிருந்தால் அது நேர்வழியில் வந்ததென்று வைத்திருப்பவனே காட்டவேண்டும் என்று சமஸ்தானத்துச் சட்டம் கூறியது. கார்ன்வாலிலிருந்து வந்த ஆங்கிலேயரும், இத்தாலியரும் அதே சுரங்கத்துக்குள்தான் இறங்கி ஏறினர். அவர்களுடைய குடும்பங்கள் கடலுக்கு அப்பால் இருந்தன. வட ஆற்காடு நூறு மைலுக்குள் இருந்தது. ஆனால் சந்தேகத்தின் பாரம் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலைமை 1930இல் முற்றியது. தொழிலாளர் ஒவ்வொருவரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்ற ஏற்பாடு வந்தது. கைரேகை என்னும் வித்தை நம் நாட்டிலேயே வளர்ந்தது. உலகத்தின் முதல் கைரேகை அலுவலகம் 1897இல் கல்கத்தாவில்தான் அமைக்கப்பட்டது. அதற்குக் குற்றவாளிகளின் விரல்களோடுதான் முதல் உறவு. 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் சில சாதியாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக எண்ணிக் கைரேகை எடுக்க வழி செய்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்துக் கிராமங்களில் நடைமுறையில் இருந்ததைத் தொழிலாளர் அறிவார்கள். பெயரை மாற்றிக் கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. ஒரு சுரங்கத்தில் தள்ளப்பட்டவன் இன்னொரு சுரங்கத்தில் வேறு பெயரால் பிழைக்கும் வழியும் அத்துடன் அடைபட்டுப் போகும். பிழைப்பைப் பற்றிய அச்சம் பெரிதா, மானத்தைப் பற்றிய கோபம் பெரிதா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆயிரக்கணக்கானவர் வேலையை நிறுத்தினர், வாரக்கணக்கில் நிறுத்தினர். தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றில் 1930ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குத் தனியிடம் உண்டு. அன்றைக்கு அங்கே பதிவு பெற்ற தொழிற்சங்கம் எதுவும் இல்லை என்பதை எண்ணும்போது அதன் அருமை இன்னும் விளங்கும்.

இதற்கு 22 ஆண்டுகளுக்கு முன்னர், இதே போன்ற வேறொரு தங்க பூமியில், தமிழர்கள் இதே காரணத்துக்காகப் போராடியிருக்கின்றனர். தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வால் அரசாங்கம் 1906இல் முதலில் அவசரச் சட்டமாகவும், 1907இல் முழுச் சட்டமாகவும் ஒரு விதியைக் கொண்டுவந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஆசியர் ஒவ்வொருவரும் பத்து விரல்களின் ரேகையுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அவ்விதி. 1908 ஆகஸ்டு 16ஆம் தேதி ஜோகன்னஸ்பர்க் நகரின் ஹமீதியா மசூதித் திடலில் காந்தியடிகள் முன்னிலையில் பதிவுச் சீட்டுகள் கொப்பரையில் இட்டுக் கொளுத்தப்பட்டன. அப்போராட்டத்தில் முன்நின்ற தமிழர் தலைவர் தம்பி நாயுடு மோரீசுத் தீவில் பிறந்தவர். அவருடன் சிறை சென்றவர்கள் பலர் தென்னாப்பிரிக்காவையே பிறந்த மண்ணாகக் கொண்டவர்கள். பிறந்தது ஓரிடம், மூதாதையர் ஊர் மற்றோரிடம், ஆள்பவர் வேறொருவர். இப்படிப்பட்ட மக்களைக் கண்டால் அரசாங்கங்களுக்கு அன்றும் ஒரு கலக்கம் இருந்தது.

மாரிகுப்பத்தாருக்குப் படிவங்களின் மகிமை அதற்கு முன்பே தெரியும். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே கிளை இருந்தது. குடிக்கணக்கு எடுக்க வரும்போது சாதி என்ற கலத்தில் பிறர் சூட்டிய பெயரை எழுதவிடாமல், சாதிபேதமற்ற திராவிடர் என்றும் பௌத்தர் என்றும் பதியச் சொல்லுமாறு பண்டிதர் வலியுறுத்தி வந்தார். காகிதத்தில் ஒரு கலத்தை நிரப்புவது சிறு காரியமல்ல என்பதை அவ்வூர் மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். இதை நான் ஒரு காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன், பின்னால் விளங்கும்.

1950 ஜனவரி 26ஆம் தேதி நிலைமை அடியோடு மாறியது. பிரிட்டிஷ் பிரஜையும் மகாராஜாவின் பிரஜையும் ஒரே நாளில் இந்தியப் பிரஜைகளாயினர். டாக்டர் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் சட்ட நகலைச் சமர்ப்பித்தபோது இதை விளக்கினார். அமெரிக்காவில் மத்திய ஆட்சியும் ராஜ்ய ஆட்சியும் இருப்பதுபோலவே பிரஜாவுரிமையும் இரண்டாக உண்டு. இந்தியாவில் ஆட்சி இரண்டானாலும் பிரஜாவுரிமை ஒன்றே. தமிழ்ப் பிரஜை, கன்னடப் பிரஜை, மராட்டியப் பிரஜை என்று சட்டத்தில் எவரும் இல்லை. 1956இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தங்கவயல் மைசூர் ராஜ்யத்திலும் வட ஆற்காடு சென்னை ராஜ்யத்திலும் இருந்தன. நடுவே எல்லைக்கோடு இருந்தும் இருபுறத்தாரின் பிரஜாவுரிமையில் அது ஒரு கீறலும் ஏற்படுத்தவில்லை.

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்ப்பவர்கள் அரசியல் சட்டத்தின் 16ஆவது ஷரத்தை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. பிறந்த இடத்தையோ வசிக்கும் இடத்தையோ காரணமாகக் காட்டி ஒரு பிரஜைக்குச் சர்க்கார் உத்தியோகத்தை மறுக்கக் கூடாது என்கிறது அது. வசிப்பிட நிபந்தனை விதிக்க வேண்டுமானால் அதற்குப் பார்லிமெண்டுக்கு மட்டுமே அதிகாரம். மாநில சட்டசபைக்கு இல்லை. 1957இல் பார்லிமெண்டு இயற்றிய சட்டம், பழைய வசிப்பிட நிபந்தனைகளையெல்லாம் நீக்கி, தெலுங்கானா, ஹிமாசலம், மணிப்பூர், திரிபுரா ஆகிய பகுதிகளுக்கு மட்டும் சில காலத்துக்கு விலக்களித்தது. நடைமுறையில் உள்ளூர்க்காரருக்கே என்ற குரல் இன்றும் அவ்வப்போது எழுகிறது. எழும்போதெல்லாம் வழக்கும் எழுகிறது. அந்தக் கிளைக் கதைக்குள் நாம் இப்போது போகவேண்டாம்.

ஒரு கதவைத் திறந்த அரசியல் சட்டம் மற்றொரு கதவை இறுக மூடியது. 9ஆவது ஷரத்து, தானாக விரும்பி அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமை பெற்றவர் இந்தியப் பிரஜையல்லர் என்றது. 1955ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு அதையே நிலையான விதியாக்கியது. இந்தியாவுக்குள் இரண்டு வீடு வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாடு வைத்துக்கொள்ளலாகாது.

இனித் தங்கவயலுக்குத் திரும்புவோம். மைசூர் ராஜ்ய சர்க்கார் 1956இல் சுரங்கங்களை ஏற்றது. 1962இல் மத்திய சர்க்கார் பெற்றுக்கொண்டது. 1965இல் சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிந்தனர். அந்நிய நாட்டு விஞ்ஞானிகள் தாராளமாக இறங்கி ஏறினர். நியூட்ரினோவைச் சோற்றுத் தூக்கில் ஒளித்துக் கொண்டுபோக முடியாதல்லவா! 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே, 1964இல், மத்தியப் பாதுகாப்பு அமைச்சின் கீழ் மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பி.இ.எம்.எல். நிறுவனம் தோன்றி, தங்கவயலில் அதன் தொழிற்சாலை அமைந்தது. சுரங்கம் மூடிய பின்னர் மாரிகுப்பத்து ரயில் நாள்தோறும் விடியுமுன் ஆயிரக்கணக்கானவர்களைப் பெங்களூருக்கு ஏற்றிச்செல்வதாயிற்று. பெங்களூரிலே 1940இல் தோன்றிய விமானத் தொழிற்சாலை இருக்கிறது. 1954இல் தோன்றிய பாரத் எலக்ட்ரானிக்ஸ் இருக்கிறது. இராணுவ ஆராய்ச்சிக் கூடங்கள் இருக்கின்றன. சுரங்கத் தொழிலாளியின் பேரன் படித்துவிட்டு இத்தகைய இடங்களுக்கு மனுப் போடுகிறான். தாத்தாவின் மடியைச் சோதித்த வாயில் போயிற்று. பேரனின் உறவுமுறையை விசாரிக்கும் வாயில் வந்தது.

இந்தப் புதிய வாயிலிலும் நம் நாட்டின் பழக்கம் எப்போதும் ஒரே மாதிரியாக இருந்ததில்லை. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் உருவான முதல் இந்தியப் போர் ஜெட் விமானமான 'மாருத்' 1961 ஜூனில் வானில் எழுந்தது. அதை வகுத்துக் கொடுத்தவர் குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியர். இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் விமானப் படைக்குப் புகழ்பெற்ற போர் விமானங்களை அமைத்துக் கொடுத்தவர். அவரைச் சர்க்காரே அழைத்து வந்து, படையின் இரகசியத்துக்கு நடுவில் உட்கார வைத்தது. அவர் அறிவு தேவையாயிருந்தது. அந்நியத்தன்மை குறுக்கே நிற்கவில்லை. அடுத்த ஆண்டே சீனப் போர் வந்தது. போர் நடத்தும் நாட்டின் பிரஜையாகப் பிறந்தவரை மட்டுமன்றி, தாய் தந்தையரில் அல்லது பாட்டன் பாட்டியரில் ஒருவர் அந்நாட்டுப் பிரஜையாக இருந்திருந்தாலும், இந்திய வமிசாவளியைச் சேராதவரை அந்நியராக நடத்தலாம் என்று 1962இல் சட்டம் இயற்றப்பட்டது. அஸ்ஸாமிலும் வங்காளத்திலும் தலைமுறையாக வாழ்ந்த சீன வமிசத்தார் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானத்தில் தேவ்லி முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் இந்தியாவிலேயே பிறந்த குழந்தைகளும் இருந்தனர். அவர்கள் செய்த குற்றம் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை. பாட்டனார் யார் என்பதே விசாரணையாக முடிந்தது. இதை நம் வரலாற்றின் வருந்தத்தக்க பக்கமென்றே நான் கருதுகிறேன்.

வேறொரு பக்கமும் உண்டு. 1949இல் வெளிநாட்டு இலாகாப் பணியில் சேர்ந்த கே. ஆர். நாராயணன் ரங்கூனில் இருந்தபோது மா டின்ட் டின்ட் என்ற பர்மியப் பெண்மணியைச் சந்தித்தார். இலாகா அதிகாரி அந்நியரை மணப்பதென்றால் விசேஷ அனுமதி வேண்டும். பிரதமர் நேரு அனுமதியளித்தார். 1951இல் தில்லியில் திருமணம் நடந்தது. அம்மையார் உஷா என்ற பெயருடன் இந்தியப் பிரஜையானார். மனைவி அந்நிய நாட்டில் பிறந்தவர் என்பதற்காக அவரைச் சர்க்கார் ஒதுக்கவில்லை. சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவரையே தூதராக அனுப்பியது. 1997இல் அவர் குடியரசுத் தலைவரானார். அவர் உறவை ஒளிக்கவில்லை என்பதையும், கேட்டுப் பெறவேண்டிய அனுமதியைக் கேட்டுப் பெற்றார் என்பதையும் கவனிக்க வேண்டும். 1964ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் ஊழியர் நடத்தை விதிகளும், அந்நிய நாட்டவரை மணந்த ஊழியர் அச்செய்தியை உடனே சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டுமென்றுதான் கூறுகின்றன. மணக்கவே கூடாது என்று கூறவில்லை.

இப்போது அந்தப் படிவத்தைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நிரப்பும் 'அட்டெஸ்டேஷன் பாரம்' என்பது பலருக்கும் தெரிந்ததே. அதன் உச்சியிலேயே எச்சரிக்கை இருக்கிறது: பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியை இழக்கச் செய்யும் என்று. கீழே, தாய், தந்தை, மனைவி அல்லது கணவன், உடன்பிறந்தார் ஆகியோரின் பிரஜாவுரிமை, பிறந்த இடம், தொழில், முகவரி கேட்கப்படுகின்றன. வெளிநாட்டில் தங்கியிருந்தால், 21 வயதுக்குப் பின்னர் ஓராண்டுக்கு மேல் எங்கெங்கே தங்கினார் என்று எழுதவேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் படித்தாலும் வாழ்ந்தாலும் அதையும் குறிக்கவேண்டும். இதன்பேரில் விசாரணை நடக்கிறது. இராணுவ இரகசியம் சம்பந்தப்பட்ட வேலைகளில் விசாரணை இன்னும் ஆழமாக நடப்பது இயற்கையே.

தங்கவயலில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் ஆஸ்திரேலியா சென்று அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டான். மகளை வேலூரில் பிறந்து கனடாவில் குடியேறிய மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார்கள். இளையவனுக்குப் பெங்களூரில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை வந்திருக்கிறது. பாரம் வந்ததும் வீட்டில் ஒரு பதற்றம். "அண்ணன் பேரை ஏன் எழுத வேண்டும்? எழுதினால் வேலை போய்விடும். விட்டுவிடு, யாருக்குத் தெரியப்போகிறது?" என்கிறார் தகப்பனார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. விரலை மையில் தோய்க்க மறுத்த தலைமுறையின் பிள்ளை அவர். பதிவேட்டில் ஏறிய எதுவும் பின்னால் தனக்கு எதிராகத் திரும்பும் என்பது அவர் இரத்தத்தில் ஊறிய பாடம்.

ஆயினும் இன்றைய சட்டத்தில் அவர் யோசனை மகனைக் கெடுக்கும் யோசனையே. அண்ணன் ஆஸ்திரேலியப் பிரஜை என்பது தம்பியின் பிரஜாவுரிமையைத் தொடாது. அவன் தகுதியைத் தானாகவே அழிக்கவும் செய்யாது. அது எடைபோட வேண்டிய ஒரு செய்தி. அண்ணனோடு எத்தகைய தொடர்பு, பணப் போக்குவரத்து உண்டா, வேலை எத்தகையது என்று பார்ப்பார்கள். எழுதாமல் விட்டானாகில், செய்தியின் இடத்தில் குற்றம் வந்து அமர்ந்துகொள்கிறது. இத்தகைய பாரங்களில் கிரிமினல் வழக்குகளை மறைத்தவர்களைப் பற்றி 2016இல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கேட்ட தகவல் உண்மையாக இருக்கவேண்டும் என்பதை அது முதலில் வற்புறுத்தியது. உண்மையைச் சொன்னவரையும் சேர்த்தே தீரவேண்டுமென்று சர்க்காரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. மறைத்த விஷயம் அற்பமானதா, பெரியதா, பதவி எத்தகையது என்று சீர்தூக்கிப் பார்க்க வேண்டுமென்றும் கூறியது. வழக்கு வேறு விஷயத்தைப் பற்றியதானாலும், பாரத்தின் உச்சியிலுள்ள எச்சரிக்கை எல்லாக் கலங்களுக்கும் பொதுவானது.

அமெரிக்காவின் அனுபவமும் இதே திசையில்தான் போகிறது. அங்கே இரட்டைப் பிரஜாவுரிமைக்குத் தடையில்லை. இரகசிய ஆவணங்களைக் காணும் அனுமதி பெற அமெரிக்கப் பிரஜையாயிருக்க வேண்டும். முன்பு அந்நிய நாட்டுப் பாஸ்போர்ட்டு கையிலிருந்தால் அதுவே பெரிய இடையூறாக எண்ணப்பட்டது. 2017 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையும் இருப்பது மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்காது என்கின்றன. அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் மறைப்பதையே பெரிதாக எண்ணுகின்றன. உறவினர் எந்த நாட்டில் இருக்கிறார், அந்நாட்டு அரசாங்கத்தோடு அவருக்குச் சம்பந்தம் உண்டா, அவரைக் காட்டி இவரை மிரட்ட முடியுமா என்பவையும் பார்க்கப்படுகின்றன.

நம் மக்களிடையே பரவியுள்ள ஒரு தவறான எண்ணத்தையும் இங்கே நீக்கவேண்டும். 2005இல் ஏற்பட்ட 'ஓ.சி.ஐ.' அட்டையைப் பலர் இரட்டைப் பிரஜாவுரிமை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பெயரில் 'சிட்டிசன்' என்ற சொல் இருப்பதால் வந்த மயக்கம் அது. அட்டை வைத்திருப்பவர் விஸா இல்லாமல் வந்து போகலாம், காலவரையின்றித் தங்கலாம். ஆனால் அவர் இந்தியப் பிரஜையல்லர். ஓட்டுரிமை இல்லை, சட்டசபைக்கோ பார்லிமெண்டுக்கோ நிற்க முடியாது, உயர்நீதிமன்ற நீதிபதியாக முடியாது. 16ஆவது ஷரத்து தரும் சம வாய்ப்பு அவருக்கு இல்லையென்றும், மத்திய சர்க்கார் தனியே குறித்தாலன்றிச் சர்க்கார் உத்தியோகத்தில் அவரை நியமிக்கலாகாதென்றும் சட்டத்தின் 7-பி பிரிவு தெளிவாகக் கூறுகிறது. மேலே சொன்ன குடும்பத்தில் ஆஸ்திரேலியா சென்ற மூத்தவன் மனம் மாறித் திரும்பிவந்து, அந்த அட்டையைக் காட்டித் தம்பியின் தொழிற்சாலையிலேயே வேலை கேட்பானானால் அவனுக்கு இடமில்லை. தம்பிக்கு இருப்பது விசாரணை; அண்ணனுக்கு இருப்பது தடை. இவ்விரண்டின் வித்தியாசத்தை வீட்டார் அறிந்திருந்தால் பாரத்தைக் கண்டு பயப்படமாட்டார்கள்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் கதை வேறு. 1948ஆம் ஆண்டு இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. தாயகம் திரும்பியவர்களில் சிலருக்கு கர்நாடகத்திலேயே, தென் கன்னட மாவட்டத்துச் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை கிடைத்தது. மத்தியப் பொதுத் தேர்வாணையத்தின் சிவில் சர்வீஸ் விதிகளில் இவர்களைப் போன்றோருக்கு ஓர் இடம் உண்டு. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்துடன் இலங்கை, பர்மா, பாகிஸ்தான், கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் முதலியவற்றிலிருந்து வந்த இந்திய வமிசத்தார், சர்க்காரிடம் தகுதிச் சான்று பெற்றால் சில பணிகளில் சேரலாம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். பணிகளுக்கு மட்டும் பிரஜையாகவே இருக்கவேண்டும். சான்று வருமுன் பரீட்சை எழுதலாம். நியமன உத்தரவு சான்று வந்த பிறகே. இந்த வசதியை அறியாமல், வயது வரம்பு கடந்த பின் வருந்தியவர்கள் உண்டு.

இலங்கை 1987இல் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வழி செய்தது. ஆனால் இரட்டைப் பிரஜைகள் பாராளுமன்றத்தில் அமரலாமா என்பதில் அந்நாடு தன் மனத்தை மூன்று முறை மாற்றிக்கொண்டது: 2015இல் கூடாது என்றது, 2020இல் கூடும் என்றது, 2022இல் மறுபடியும் கூடாது என்றது. சட்டம் யாரை மனத்தில் வைத்து ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்டது என்பதை அந்நாட்டுச் செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள்.

கடைசியாக, குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டில் இந்தியப் பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தை அந்நாட்டுச் சட்டப்படி அங்கும், வமிசாவளியால் இங்கும் பிரஜையாக இருக்க நேரலாம். நம் சட்டம் இதை 18 வயது வரை பொறுத்துக்கொள்கிறது. வயது நிரம்பிய ஆறு மாதத்துக்குள் அந்நிய நாட்டுப் பிரஜாவுரிமையை விட்டுவிடாவிட்டால் இந்தியப் பிரஜாவுரிமை தானே நீங்கிவிடும். நோட்டீசு எதுவும் வீட்டுக்கு வராது. கனடாவில் பிறந்து, தாத்தா பாட்டியிடம் தங்கவயலில் வளர்ந்து, பெங்களூரில் என்ஜினீயரிங் படிக்கும் பேத்தி ஒருத்தி இருந்தால், அவளுடைய பதினெட்டாவது பிறந்த நாளையும் அதற்கடுத்த ஆறாவது மாதத்தையும் வீட்டுக் காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். அவளும் ஒரு நாள் அந்தப் பாரத்தை நிரப்ப நேரலாம்.